தெற்கு வாசல் ஜாம்பவான்

ஒரு மனிதன் தன் மனைவியைப் படி ஏற விடாமல் கால்பந்து ஆட்டம் பார்க்க வைக்க வேண்டுமென்றால், அவன் முதலில் ஜாம்பவானாக வேண்டும். இது கிளப்பின் விதி. அதை யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்றெல்லாம் கேட்கக்கூடாது. அப்படிக் கேட்பவன் ஜாம்பவானாக முடியாது என்பது அதற்கு அடுத்த விதி.

நம்முடைய ஆளை ஊரில் எல்லோரும் பாலம் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது செருப்புக் கடையில் வேலை பார்க்கிறார். குட்டை முக்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் பாதத்தையெல்லாம் அளந்து, "நாலு எட்டு நடந்து பாருங்க, விரல் இடிக்குதா?" என்று கேட்பது தொழில். அதற்கு முன்னால் பல வருஷம் ஊர் கிளப்பில் பின்களத்தில் ஆடியவர். எப்படி ஆடினீர்கள் என்று கேட்டால், "சுமார்தான்" என்று அவரே சொல்லிவிடுவார்.

கிளப் தன் சரித்திரத்தில் ஒரே ஒரு தடவை கோப்பையின் இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எதிரணிக்காரன் பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். நம் ஆள் காலை அகட்டி, கையை விரித்து, இந்தப் பக்கம் ஈ காக்கா போக முடியாது என்று வழிமறித்து நின்றார். ஈ, காக்கா எதுவும் போகவில்லை. பந்து மட்டும் அவருடைய இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து, பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகிற நிதானத்தோடு போய் வலைக்குள் உட்கார்ந்துகொண்டது. அதோடு கோப்பை போயிற்று, பாலத்துக்குப் பெயரும் வந்தது. கேலரியிலிருந்து அவர் மனைவி "காலைச் சேர்த்து வைங்க!" என்று கத்தியது ஊருக்கே கேட்டது. கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்கவில்லை.

அந்த அம்மாள் தையல்காரி. கிளப் ஆடிய உள்ளூர் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. புருஷன் ஆடுவதை நிறுத்திய பிறகும் விடவில்லை. "நான் உங்களைப் பாக்கவா போனேன்? ஆட்டம் பாக்கப் போனேன்" என்பாள். மெஷினை மிதித்து மிதித்து இரண்டு முட்டியும் தேய்ந்துபோனதும்தான் வம்பு வந்தது. கேலரிக்குப் போகும் படிக்கட்டு ஏணிக்கு அண்ணன் முறை. இந்தப் பருவம் முழுக்க அவள் வீட்டில்தான் இருந்தாள். வீடோ மைதானத்துக்குப் பின் தெருவில். ஆட்டத்தன்று திடீர் திடீரென்று பெருங்கூச்சல் எழும்பும். கையில் ஊசியோடு நிமிர்ந்து பார்ப்பாள். யார் அடித்தார்கள், எப்படி அடித்தார்கள், ஒன்றும் தெரியாது. அவள் விரட்டியதால் ஆட்டத்துக்குப் போய் வரும் புருஷனிடம் கேட்டால், "நல்லா ஆடினாங்க" என்பார். அவ்வளவுதான் அவருடைய வர்ணனை.

"தொண்ணூறு நிமிஷ ஆட்டத்தை ரெண்டு வார்த்தையில முடிக்கிற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிவிட்டு அவள் மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்தத் திரும்பல்தான் பாலத்தைத் தெற்கு வாசலுக்குத் துரத்தியது.

தெற்கு வாசல் கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் இருந்தது. பெரிய கம்பிக் கதவு. வெளியே நின்று கம்பி வழியே ஓசியில் பார்க்கிறவர்களைக் கிளப் விரட்டிவிடும். ஒரு படி கிடையாது. தெருவிலிருந்து உருட்டிவிட்டால் பந்து நேராக மைதானத்துக்குள் போய்விடும், அவ்வளவு சமதளம். காவலாளி பாலத்துக்குப் பழக்கமானவர்தான்.

"அண்ணிக்குன்னா நான் கதவையே கழட்டி வெச்சிருவேண்ணே. ஆனா இது ஜாம்பவானுக்கும் அவங்க குடும்பத்துக்கும் மட்டும்னு போட்டிருக்காங்களே."

"இது வரைக்கும் எந்த ஜாம்பவான் இது வழியா போயிருக்காரு?"

"யாரும் போகலை. ஜாம்பவான் யாருன்னு இன்னும் முடிவு பண்ணலையாம்."

ஆகப் பல வருஷமாகப் பூட்டியிருக்கும் அந்தக் கதவு யாருக்காகக் காத்திருக்கிறது என்பது கதவுக்கே தெரியாது. பாலம் செயலாளரைப் போய்ப் பார்த்தார். செயலாளர் எதையும் இல்லை என்று சொல்லாதவர். இருக்கிறது என்றும் சொல்லமாட்டார்.

"மிஸ்டர் பாலம், முட்டிவலிக்குன்னு நம்ம விதியில ஒண்ணும் கிடையாது. ஜாம்பவானுக்கு இருக்கு. நீங்க ஏன் அந்தச் சுலபமான வழியில வரக்கூடாது? ஆண்டு விழா வருது. எங்களுக்கும் அவசரமா ஒருத்தர் வேணும்."

"சார், நான் அந்த இறுதி ஆட்டத்துல…"

"தெரியும், தெரியும். குழு பார்த்துக்கும்."

ஜாம்பவான் நிர்ணயக் குழு மூன்று பேரைக் கொண்டது. தலைவர், குடை ஆலைக்குச் சொந்தக்காரர். தலைவர் பதவியும் ஆலையோடு சேர்ந்து அப்பாவிடமிருந்து வந்தது. பந்தை அவர் காலால் தொட்டதாகத் தகவல் இல்லை. பிறகு செயலாளர். மூன்றாவது, பாரம்பரிய அதிகாரி என்ற புதுப் பதவியில் ஓர் அம்மாள். முன்பு சோப்புக் கம்பெனியில் நுரையைக் கவனித்துக்கொண்டிருந்தவர். பாலம் அவர்கள் முன்னால் போய் நின்றபோது, அவர்களுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் பளபளத்தன. உற்றுப் பார்த்தால் பாதி கேரம் போட்டியில் வாங்கியவை. நடுவிலிருந்த பெரிய வெள்ளிக் கோப்பை நாய்க் கண்காட்சியில் தலைவருடைய நாய் வென்றது.

"எங்களுக்கு ஆள் கிடைக்காம இல்லை" என்று தலைவர் ஆரம்பித்தார். "அதிக கோல் அடிச்சவர் இருக்காரு. ஆனா மைதானத்துக் கழிவறையில தண்ணி வரலைன்னு பேட்டி குடுத்துட்டாரு. கோல் கீப்பர் இருக்காரு. வேற கிளப்புக்குப் போயி அங்கயும் நல்லா ஆடிட்டாரு. அங்க போயி மோசமா ஆடியிருந்தா அது விசுவாசம், நாங்களும் யோசிச்சிருப்போம். உங்களை எத்தனை கிளப் கூப்பிட்டுச்சு?"

"யாரும் கூப்பிடலை சார்."

செயலாளர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "வேற யாருடைய அழைப்பும் காதுலயே விழாத விசுவாசம்னு எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம்" என்றார் தலைவர். "கோல் போட்டுட்டு சட்டையில இருக்கிற கிளப் சின்னத்துக்கு முத்தம் குடுத்திருக்கீங்களா?"

"நான் கோலே போட்டதில்லைங்களே."

"போடாமலும் குடுக்கலாமே."

"சட்டை வேர்வையில நனைஞ்சு கிடக்கும் சார்."

பாரம்பரிய அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "வியர்வையில் நனைந்த சின்னம்! இதைவிட என்ன வேணும்? அழுதிருக்கீங்களா?"

"கடைசி ஆட்டத்துக்கு அப்புறம் குளிக்கறப்போ கண்ணுல சோப்பு…"

"அது போதும்" என்றார் அந்த அம்மாள். சோப்பைப் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

பாலம் திருதிருவென்று விழித்தார். எதைச் சொன்னாலும் அது ஏதோ பெரிய காரியமாகி மேஜையைச் சுற்றி வந்தது. அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். "சார், எனக்கு ஜாம்பவான் ஆகணும்னு ஆசையில்லை. எங்க வீட்டம்மாவுக்கு முட்டி…"

"பார்த்தீங்களா, ஆசையில்லாத மனுஷன்" என்று தலைவர் எழுந்தே விட்டார். எழுந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு உயரம்தான். ஆனால் குரலுக்கு உயரம் உண்டு. "அந்த கோல் விஷயத்துக்கு வருவோம். நாம கோப்பையை ஜெயிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? அடுத்த வருஷமும் ஜெயின்னு கேப்பான். ஜெயிக்கலைன்னா தலைவரை மாத்துன்னு கேப்பான். இவர் காலுக்கு நடுவுல பந்து போச்சு. அன்னையிலிருந்து இன்னை வரைக்கும் ஊர்ல எந்தத் தோல்வி வந்தாலும் பாலம், பாலம்னு இவரைத்தான் திட்டறாங்க. என்னை யாராவது திட்டியிருக்காங்களா? ஒருத்தன்? ஒரு கிளப்புக்காக ஒரு மனுஷன் இதுக்கு மேல என்னய்யா செய்ய முடியும்? இவர்தான் அசல் ஜாம்பவான்."

எல்லோரும் கை தட்டினார்கள். பாலமும் தட்டினார். வாழ்நாள் முழுக்கத் தெருவில் தலை குனிந்து நடக்க வைத்த ஒரு விஷயத்தை இப்படி ஒரே மூச்சில் தூக்கி நிறுத்திவிட்டார்களே என்று அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட வந்தது. சந்தோஷம் வந்த வேகத்திலேயே வாசல் ஞாபகமும் வந்தது.

"அப்போ தெற்கு வாசல்…"

"வாசல் உங்களுக்குத்தான் மிஸ்டர் பாலம். முழுசா உங்களுக்கே உங்களுக்கு" என்றார் செயலாளர்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி நம்பவில்லை. "உங்களையா? ஜாம்பவானா? காலைச் சேர்த்து வைக்கத் தெரியாத ஆளையா?" என்று வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து, மைதானத்துக்குப் போகும்போது கட்டிக்கொள்ளும் கிளப் நிறத்துக் கழுத்துத் துண்டை எடுத்து உதறி, கொடியில் காயப்போட்டதையும் பாலம் பார்த்தார்.

அத்தோடு முடிந்தது என்று நினைக்கிறவர் கிளப்பை அறியாதவர். ஏக்கப் பரிசோதனை என்று ஒன்று மிச்சம் இருந்தது. பாரம்பரிய அதிகாரி செருப்புக் கடைக்கே வந்து விளக்கினார். ஜாம்பவான் என்றால் ஜனங்கள் ஏங்க வேண்டும். தினமும் பாதம் அளந்துகொண்டு கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் ஆளுக்காக எவன் ஏங்குவான்? ஆகவே ஆண்டு விழா வரைக்கும் பாலம் மைதானத்துப் பக்கமே தலை காட்டக்கூடாது. கிளப் தன் பங்குக்கு ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டும்.

சுவரொட்டி வந்தது. பாலத்தின் பழைய வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணை வானத்தைப் பார்க்கத் திருப்பி, கீழே 'இனி இப்படி ஒருவர் வருவாரா?' என்று போட்டிருந்தார்கள். பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? மறுநாள் காலையிலிருந்து வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டது. வந்தவர்கள் வாசலில் நின்று குரலைத் தாழ்த்தி, "எப்போ ஆச்சு?" என்றார்கள்.

"எது?" என்றாள் தையல்காரி.

"கடைசி நேரத்துல ஏதாவது பேசினாரா?"

"இப்பக்கூடப் பேசிட்டுதான் இருக்காரு. உள்ள வெங்காயம் உரிச்சிட்டிருக்காரு, கூப்பிடவா?"

வந்தவர்களில் இரண்டு பேருக்கு ஏமாற்றமாகிவிட்டது. அதில் ஒருவர் கோபமாகவே, "அப்படின்னா எதுக்குய்யா சுவரொட்டி?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தவராம். செத்துப்போனதாக நினைத்து பாலத்தை மன்னித்துவிட்டாராம். இப்போது மறுபடியும் பழையபடி ஆரம்பிக்க வேண்டும்.

செருப்புக் கடை முதலாளி வேறு ஆள் போட்டுவிட்டார். பாலம் போய் நின்றதும் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீ இருக்கியா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். புது ஆளுக்குக் காலளக்கத் தெரியாததால் வேலை பிழைத்தது. செயலாளரோ பரிசோதனை அமோக வெற்றி என்று பூரித்தார். "உயிரோட இருக்கிறது ஒண்ணுதான் உங்ககிட்ட குறை. மத்தபடி எல்லாம் பொருத்தம்."

இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு ஆட்டங்களின் கூச்சலைச் சேர்ந்து கேட்டார்கள். "இது நம்ம கோல்" என்பாள் அவள். "இல்லை, கம்பத்துல பட்டிருக்கு" என்பார் அவர். எது என்று மறுநாள்தான் தெரியவரும். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான், வெறும் கூச்சலை மட்டும் கேட்பது எவ்வளவு கொடுமை என்று பாலத்துக்கு உறைத்தது. இவ்வளவு நாள் இதை இவளைத் தனியாக அனுபவிக்க விட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார். எப்பாடு பட்டாவது அந்த வாசலைத் திறக்க வைத்துவிடுவது என்று அன்று முடிவு செய்தார்.

அதனால்தான் சிலைக்கும் ஒப்புக்கொண்டார். துணிக்கடைப் பொம்மைகள் செய்கிறவர் வந்து அவரை நிற்க வைத்து அளவெடுத்தார். எந்தக் கோலத்தில் சிலை என்று குழு கூடிப் பேசி, இறுதி ஆட்டத்தில் நின்ற அதே கோலம்தான் என்று தீர்மானித்தது. காலை அகட்டி, கையை விரித்து. பாலத்துக்கு முகம் செத்துவிட்டது.

"சார், காலைக் கொஞ்சம் ஒட்டினாப்புல வெச்சா…"

"சரித்திரத்தைத் திருத்தக் கூடாது மிஸ்டர் பாலம்" என்றார் செயலாளர், சுவரொட்டியில் அவரைக் கறுப்பு வெள்ளையாக்கியவர்.

பீடம் ஆளுயரத்துக்குக் கட்டினார்கள். தலைவர் வந்து பக்கத்தில் நின்று பார்த்தார். படம் எடுத்தால் தான் சிலையின் பாதத்தை வணங்குவது போல விழும் என்று கண்டுபிடித்தார். பீடத்தைக் குறைத்தார்கள். மறுபடி வந்து நின்றார். மறுபடி குறைத்தார்கள். கடைசியில் பீடம் என்று மிஞ்சியது ஒரே ஒரு பலகைக் கல்.

ஆண்டு விழாவன்று பாலம் மனைவியை மெல்ல நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் துண்டு, தோளில் தையல் பை, பாலத்தின் கையில் மடக்கு நாற்காலி. தெருமுனை திரும்பியதும் இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள்.

சிலை தெற்கு வாசலுக்கு முன்னால் நின்றது. முன்னால் என்றால், கதவின் நட்டநடுவில், இரும்புக் கம்பியில் முதுகு உரச. இனி அந்தக் கதவை யாராலும் திறக்க முடியாது. சிலை துணியால் மூடியிருந்தது. அதற்குப் பின்னால் கதவு முழுவதையும் மறைத்துத் தலைவர் படம் போட்ட பிரம்மாண்டமான பேனர் கட்டியிருந்தது.

"இது என்னங்க?" என்றாள் அவள்.

பாலம் நாற்காலியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். இதற்காகவா வெங்காயம் உரிக்கிற மனுஷனுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டோம்?

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "அன்பர்களே! இது இனி ஜாம்பவான் வாசல். இந்தப் புனிதமான வாசலில் கண்டவர்களின் கால் படலாமா? படாது. இன்றோடு இது நிரந்தரமாக மூடப்படுகிறது. வாசல் என்பது போய் வருவதற்கு என்று நினைப்பது பழைய சிந்தனை. வாசல் என்பது வணங்குவதற்கு."

பாலம் மேடைக்குப் போனார். அவருக்குப் பேச வராது. இருந்தாலும் அன்று கேட்டேவிட்டார். "சார், அப்போ எம் பொண்டாட்டி எப்படி உள்ள போவா?"

கூட்டம் கொல்லென்று சிரித்துக் கை தட்டியது. தலைவர் அவர் தோளில் கை போட்டார். "பாருங்கள் இந்த எளிமையை! ஜாம்பவான் குடும்பத்துக்கு மேல் மாடத்தில் தனி இருக்கை போட்டிருக்கிறோம். மைதானத்திலேயே உயரமான இடம்!"

சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது.

முதலில் எல்லோரும் சிலையைத்தான் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையில் எவனோ ஒருவன் விக்கினான். அகட்டி நின்ற இரண்டு காலுக்கும் நடுவில், கச்சிதமாகச் சட்டம் போட்ட மாதிரி, பேனரிலிருந்து தலைவரின் முகம் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. படமெடுப்பவர்கள் முண்டியடித்தார்கள்.

"எடு! அதை எடு!" என்று தலைவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

செயலாளர் சிலைக்குக் கீழே குனிந்து, உச்சந்தலையில் இடித்துக்கொண்டு, பேனரைப் பிராண்டிப் பார்த்தார். கிழியவில்லை. நல்ல பேனர். "கத்தரி! யாருகிட்டயாவது கத்தரி இருக்கா?"

தையல்காரி பையைத் திறந்தாள். "நகருங்க. உங்களுக்கு வெட்ட வராது, பிசிறு தட்டும்."

நாற்காலியைச் சிலைக்கு முன்னால் போட்டு நிதானமாக உட்கார்ந்தாள். பலகைக் கல் தாழ்வாக இருந்ததால் தலைவரின் முகம் அவளுடைய முகத்துக்கு நேராக இருந்தது. காதோரம் கத்தரியைக் கொடுத்து ஓட்டினாள். முகம் போனது. அதற்குப் பின்னும் அவள் நிறுத்தவில்லை. மேலே கொஞ்சம், பக்கவாட்டில் கொஞ்சம் என்று தாராளமாக வெட்டினாள்.

"போதும்மா, போதும்" என்றார் செயலாளர்.

"ஓரம் சரியா வரணும்ல."

வெட்டிய முகத்தைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டார். கதவின் கம்பிகளுக்கு இடையே பச்சைப் புல் தெரிந்தது. கோல் வலை தெரிந்தது. அதைத் தாண்டி மைதானம் முழுவதும் தெரிந்தது. அவள் நாற்காலியை அரை அடி முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

உள்ளே ஆட்டம் தொடங்கும் விசில் ஊதியது. குழு மாடத்துக்குக் கிளம்பியது. "மிஸ்டர் பாலம், மேல வாங்க. ஜாம்பவான் தெருவுல உட்காரக் கூடாது" என்றார் செயலாளர்.

"ஜாம்பவான் நிக்கறாரே சார்" என்று பாலம் சிலையைக் காட்டினார். "நான் உட்காந்துக்கறேன்."

மனைவிக்குப் பக்கத்தில் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை. "யாரு இந்தப் புதுப் பையன்? ஓடறான்… இந்தப் பக்கம் குடுடா, இந்தப் பக்கம்!" என்று கம்பி வழியே கத்திக்கொண்டிருந்தாள். கூச்சல் எழும்பியபோது, யார் அடித்தார்கள், எப்படி அடித்தார்கள் என்று ஊருக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்தது. பாலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தத் தடவை சோப்பும் இல்லை.

சற்று நேரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு கோலை நோக்கி வந்தான். நம் பின்களப் பையன் காலை அகட்டிக்கொண்டு வழிமறித்தான்.

"காலைச் சேர்த்து வைடா!" என்று தையல்காரி தெருவே அதிரக் கத்தினாள்.

பழக்க தோஷம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலம் சட்டென்று தன் முட்டிகளை ஒட்டிக்கொண்டார். அவள் அதைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்து சிலையைத்தான் பார்த்தாள்.

"உங்களைச் சொல்லலை. நீங்க அப்படியே நில்லுங்க."